பூவைவிட மண்தான்

கேள்வி: பிஸ்ஸாரோ வரைந்த 'லூவ்சியென்னில் பூத்த பழத்தோட்டம்' ஓவியத்தை ஒரு நாட்காட்டியில் பார்த்தேன். பூவெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டு. அவசரத்தில் முடித்துவிட்டாரா?
- வாசகி, கரூர்

பதில்: அவசரம்தான், வேண்டுமென்றே செய்த அவசரம். இளவேனில் தொடக்கத்துப் பூ சில நாள்தான் மரத்தில் நிற்கும். இதழ் இதழாக எழுதிக்கொண்டிருந்தால் பாதியிலேயே உதிர்ந்துவிடும்.

எனக்கென்னவோ பூவைவிட முன்னால் கிளறிக் கிடக்கும் பழுப்பு மண்தான் பிடிக்கும். வேலை பார்க்கும் இருவருக்கும் பூவைப் பார்க்க நேரமில்லை. லூவ்சியென், பாரிஸுக்கு மேற்கே உள்ள ஊர். 1870இல் பிரான்ஸுக்கும் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் பிஸ்ஸாரோ லண்டன் போய்விட, லூவ்சியென் வீட்டில் பிரஷ்யப் படையினர் தங்கினார்கள். விட்டுப்போன ஓவியங்களில் பெரும்பாலானவை நாசம். மிதியடியாகக்கூடப் போட்டார்களாம், பாவிகள்! 1871இல் திரும்பியவர் மறுவருடமே இதை வரைந்தார். மனுஷன் அழுது புலம்பாமல் தோட்டத்துக்குப் போயிருக்கிறார், பாருங்கள். 1874இல் பாரிஸில் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் (கணநேர ஒளியையும் தோற்றத்தையும் வேகமாகப் பிடிக்கும் ஓவியர்கள்) கண்காட்சியிலும் இதை வைத்தார்.

அப்புறம், நாட்காட்டி அச்சை நம்பாதீர்கள். அசல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.