ஏசி மெக்கானிக் வேலையா என்று கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் ஐயா. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் ‘பில்டிங் எனர்ஜி சிமுலேஷன்’ பக்கம் போகிறேன் என்கிறாள், இது ஏசி மெக்கானிக் வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கட்டிடம் எழும்புவதற்கு முன்பே எத்தனை டன் ஏசி வேண்டும், அதையும் எப்படிக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை.

சென்னையில் ஓர் அலுவலகம் என்று வையுங்கள். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்கிறார் உரிமையாளர். கட்டிடத்தை மென்பொருளில் உருவாக்கி, வருடத்தின் 8760 மணி நேரத்துக்குமான வானிலைக் கோப்பைக் கொடுத்து ஓட்டுவார்கள். கண்ணாடி பெரிதானால் பகல் வெளிச்சம் கூடும்; சென்சார் லைட்டை மங்கவைக்கும்; லைட் விடும் சூடும் குறையும். ஆனால் அதே கண்ணாடி வழியாகச் சாயங்கால வெயிலும் உள்ளே வந்து உட்காரும். எந்த அளவைத் தாண்டினால் லாபம் நஷ்டமாகிறது என்று சொல்லத்தான் இந்த ஆள். ஹீட்டிங் பற்றிச் சென்னையில் கவலையே இல்லை. லடாக்கின் லே, லண்டன் மாதிரிக் குளிர் ஊர்கள் என்றால் அதுதான் முதல் கணக்கு.

ஒரு மாணவர் தன் மாடலில் மின்செலவு பாதியாகிவிட்டது என்று பெருமையாகக் காட்டினார். அறிக்கையின் இன்னொரு பக்கத்தைத் திருப்பினால், ஆள் இருக்கும் நேரத்தில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அறை போதுமான அளவு குளிரவே இல்லை! ஆஷ்ரே 90.1 என்கிற அமெரிக்கக் கட்டிட எரிசக்தி விதிப்படி, வருடத்தில் இப்படிப்பட்ட நேரத்துக்கு 300 மணி நேரம்தான் உச்சவரம்பு. ஏசியைச் சின்னதாகப் போட்டுவிட்டு மிச்சம் என்று நினைத்துக்கொண்டார். பட்டனைத் தட்ட யாரும் கற்றுக்கொள்ளலாம். எண் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பவருக்குத்தான் சம்பளம்.

சரி, வேலை எங்கே? ஐடி கம்பெனி மாதிரி கல்லூரிக்கு வந்து நூறு பேரை அள்ளிப்போக மாட்டார்கள். கிரீன் பில்டிங் ஆலோசனை நிறுவனங்கள், ஏசி வடிவமைப்பு அலுவலகங்கள் என்று தேடித்தான் போகவேண்டும். பெரிய வணிகக் கட்டிடங்களுக்கான ஈசிபிசி 2017 என்கிற இந்திய எரிசக்திச் சிக்கன விதிகளில் சிமுலேஷன் வழியாகத் தகுதி காட்டலாம். லீட் என்கிற கிரீன் பில்டிங் சான்றிதழுக்கும் இது பயன்படுகிறது.

பணம் கட்டி எந்தக் கோர்ஸிலும் இப்போதே சேர்க்காதீர்கள். எனர்ஜிபிளஸ் என்கிற சிமுலேஷன் மென்பொருள் இலவசம், அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிடுவது. உங்கள் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையையே அவள் மாடல் செய்யட்டும். இரவு பத்து மணிக்கு ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, மென்பொருள் சொல்வதோடு ஒப்பிடட்டும். முதல் தடவை ஒத்துப்போகாது. ஏன் என்று ஒரு மாதம் விடாமல் தோண்டினாள் என்றால், அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள். மேற்படிப்பு பற்றிப் பேசலாம்.