வாசகர் கேள்விகள்: மீண்டும் அச்சில் எர்னஸ்ட் கோலின் புத்தகம்

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்டும் எர்னஸ்ட் கோலின் 'ஹவுஸ் ஆஃப் பாண்டேஜ்' என்ற புகைப்பட நூலை நியூயார்க்கின் அப்பர்ச்சர் நிறுவனம் 2022இல் மறுபதிப்பாக வெளியிட்டதைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எர்னஸ்ட் கோல் யார்? அவர் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. (வாசகர், திருநெல்வேலி)

கேள்விப்படாததில் வியப்பில்லை. அவர் பெயர் பரவக் கூடாது என்று ஓர் அரசாங்கமே பாடுபட்டது. 1940இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகருக்கு அருகே ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த கோல், ஜோகன்னஸ்பர்க்கின் 'டிரம்' இதழில் வேலை பார்த்துப் புகைப்படத் தொழிலைக் கற்றவர். அன்றைய நிறவெறிச் சட்டங்களின்படி கறுப்பின மக்கள் எங்கே சென்றாலும் அடையாளப் புத்தகம் ஒன்றை உடன் வைத்திருக்க வேண்டியிருந்தது. கேட்ட இடத்தில் காட்டத் தவறியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பினால்தான் கேமராவோடு நடமாட முடியும் என்பதால், 'கோலே' என்ற தம் குடும்பப் பெயரை 'கோல்' என்று மாற்றிக்கொண்டு, 'கலப்பினத்தவர்' என்ற பிரிவில் தம்மைப் பதிவு செய்துகொண்டார். ஒருவர் தம் மக்களின் வாழ்க்கையைப் படமெடுப்பதற்காக, அந்த மக்களில் ஒருவரல்ல என்று காகிதத்தில் எழுதித் தர வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 1966இல், 26 வயதில், நாட்டைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ராண்டம் ஹவுஸ் வழியாக நூல் வெளிவந்தது.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல்: அந்த ஆங்கிலத் தொடர் விவிலியத்தின் யாத்திராகமத்தில் எகிப்தைக் குறித்து வருவது. நம் தமிழ் விவிலியத்தில் அது 'அடிமைத்தன வீடு'. இந்த நூலைத் தமிழில் குறிப்பிட அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் படங்களில் பல இணையத்திலேயே கிடைக்கின்றன. விலை கொடுத்துப் புத்தகமாக வாங்கத்தான் வேண்டுமா? (வாசகர், கோவை)

தனிப்படங்கள் கிடைக்கின்றன என்பது உண்மை. சுரங்க வேலைக்கு வந்த ஆண்கள் மருத்துவப் பரிசோதனைக்காக ஆடையின்றிச் சுவரைப் பார்த்தபடி, கைகளை உயர்த்தி வரிசையாக நிற்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். தனியே பார்க்கும்போது அது அதிர்ச்சியூட்டும் ஒரு காட்சி, அவ்வளவுதான். நூலில் அது சுரங்கங்களைப் பற்றிய அத்தியாயத்தில் வருகிறது. சுரங்கத்தைத் தொடர்ந்து போலீஸ், ரயில் பயணம், வீட்டு வேலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, மதுக்கூடம், வழிபாடு என்று வாழ்க்கையின் ஒவ்வொரு துறையையும் ஓர் அத்தியாயமாக எடுத்துக்கொள்கிறார் கோல். இது சில கொடியவர்கள் செய்த கொடுமை மட்டுமன்று, பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு மனிதனைச் சூழ்ந்து நிற்கும்படி திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஏற்பாடு என்பது அப்படிப் பக்கம் பக்கமாகப் புரட்டும்போதுதான் புலப்படுகிறது.

எழுத்தும் நூலின் பாதி. பத்திரிகையாளர் தாமஸ் ஃபிளாஹர்ட்டியின் துணையோடு கோல் 'நான்' என்று தன்மையிலேயே எழுதிய கட்டுரைகளும் படக்குறிப்புகளும் இல்லாமல் பல படங்களின் முழுப் பொருள் விளங்காது. கறுப்பினப் பணிப்பெண் ஒருவர் தம் எஜமானர்களின் வெள்ளைக் குழந்தையோடு இருக்கும் படம் அதற்குச் சான்று. பார்வைக்குப் பாசமான காட்சி அது. குழந்தை வளர்ந்ததும், அதன் தாய் தன்னை நடத்துவது போலவே அதுவும் நடத்தும் என்று தெரிந்தும் அதை நேசிப்பதாக அந்தப் பெண் சொன்னது குறிப்பில் இருக்கிறது. அதைப் படித்தபின் மறுபடி படத்தைப் பார்த்தால், முன்பு கண்ட படமாக அது இருப்பதில்லை. இணையத்தில் பரவும் படங்களில் பெரும்பாலும் இந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. ஆகவே, வாங்க முடியாவிட்டால் நூலகத்தில் கேட்டு வரவழைத்தாவது முழு நூலையும் பார்த்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தென்னாப்பிரிக்க மக்கள் அன்று இதைப் பார்த்தார்களா? (வாசகர், தஞ்சாவூர்)

வெளிப்படையாகப் பார்க்க முடியவில்லை. 1968இல் அங்கே நூல் தடை செய்யப்பட்டது. கோலும் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியவில்லை. பிற்காலத்தில் படமெடுப்பதையே கைவிட்டு, நியூயார்க்கில் தங்க இடமின்றி அலைந்து, 1990 பிப்ரவரியில் புற்றுநோயால் காலமானார். நெல்சன் மண்டேலா விடுதலையாகி அப்போது ஏறத்தாழ ஒரு வாரமே ஆகியிருந்தது.

மறுபதிப்பில் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்திருக்கிறார்களாமே! இறந்துபோனவரின் நூலில் கைவைப்பது முறையா? (வாசகர், புதுச்சேரி)

நியாயமான ஐயம். பொதுவாக, ஆசிரியர் முடித்து வைத்த நூலைப் பிறர் திருத்துவதை நான் ஏற்பதில்லை. படங்களின் வரிசையை மாற்றுவதும், ஓரத்தை வெட்டுவதும்கூட மறுபதிப்பின் வேலையன்று. இங்கே நடந்தது வேறு. தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட கோலின் நெகட்டிவ்கள், 60,000க்கும் மேற்பட்டவை, ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து 2017இல் அவருடைய குடும்பத்தாரின் கைக்கு வந்தன. 'கறுப்பினத்தாரின் ஆக்கத்திறன்' என்று பொருள்படும்படி கோல் தாமே பெயரிட்டு, 1967 நூலில் இடம்பெறாமல் போன படங்களே இப்போது அத்தியாயமாகியிருக்கின்றன. இசை, நடனம், ஓவியம் என்று, ஒடுக்குமுறைக்கு நடுவிலும் அந்த மக்கள் படைத்துக்கொண்டிருந்தவற்றை அவை காட்டுகின்றன.

முதற்பதிப்பு உலகின் முன் வைக்கப்பட்ட ஒரு வழக்கு. அதில் சாட்சியங்களே முதன்மை பெற்றதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதை மட்டும் பார்க்கும் வாசகர், அந்த மக்களைத் துன்பப்படுவோராக மட்டுமே நினைவில் கொள்ளக்கூடும். பள்ளிக்கூடப் படங்களில் மேசையின்றித் தரையில் மண்டியிட்டு எழுதும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இறுதியில் பாடுவோரையும் ஆடுவோரையும் காணும்போது, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்னவெல்லாம் ஆகியிருக்க முடியும் என்ற எண்ணம் எழுகிறது. கோல் தாமே பெயர் சூட்டி வைத்திருந்த படங்கள் என்பதால், இதை நூலில் கைவைத்ததாக நான் கருதவில்லை; 55 ஆண்டுகள் தாமதமாக அவருடைய பக்கங்கள் அவர் நூலுக்குள் வந்திருக்கின்றன.