உப்பு வண்டிக்கு ஹைபிரிட் எஞ்சின் லாபமா?

தம்பி, வாலிநோக்கம் உப்பை ராமநாதபுரத்திலிருந்து சரக்கு ரயிலில் கொண்டுபோக ஹைபிரிட் எஞ்சின் போட்டால் டீசல் மிச்சமாகுமா என்று புராஜெக்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். டீசல் எஞ்சினிலும் மின் மோட்டார்தானே சக்கரத்தைச் சுற்றுகிறது, அப்புறம் என்ன ஹைபிரிட் என்று உங்கள் சார் மடக்கியதும் நியாயம்தான்.

வித்தியாசம் பேட்டரியில். மோட்டார்களை வைத்தே வேகத்தைக் குறைக்கும் டைனமிக் பிரேக்கைப் போட்டால் அந்த மோட்டார்களே ஜெனரேட்டராகி மின்சாரம் தரும். சாதாரண டீசல் எஞ்சின் அதை ரெசிஸ்டர்களில் சூடாக்கி, ஃபேன் வைத்து வெளியே ஊதிவிடுகிறது. அத்தனையும் வீண். ஹைபிரிட் அதைச் சேமிக்கும்.

ஆனால் சேமிக்க இறக்கம் வேண்டுமே? நம்ம கடலோரத் தடம் தாம்பாளம் மாதிரி சமம், சேமிக்க அதிகம் கிடைக்காது. கலிபோர்னியாவில் 2021-ல் வாப்டெக் என்ற கம்பெனியின் 2.4 மெகாவாட் மணி பேட்டரி எஞ்சினை டீசல் எஞ்சின்களோடு கோத்து ஓட்டி, எரிபொருள் சுமார் 11 சதவீதம் மிச்சம் என்றார்கள். ஒரு கணக்கு போடுங்கள்: எஞ்சின் 4000 குதிரைத்திறன் என்றால் ஏறக்குறைய 3000 கிலோவாட். முழு இழுவையில் அந்தப் பேட்டரி தனியாக ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

அதனால் தலைப்பை யார்டு ஷண்டிங், அதாவது நிலைய யார்டில் பெட்டிகளை நகர்த்திக் கோக்கும் வேலை, பக்கம் திருப்புங்கள். அங்கேதான் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டே டீசல் குடிக்கும். உப்புக்காற்றில் பேட்டரிப் பெட்டியின் இணைப்புகள் அரிக்காமல் காப்பது பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள், சார் அசந்துவிடுவார்.