நைட் லோடு டிரைவர்களுக்குக் கேள்வி பதில்

சென்னை, கோவை, பெங்களூரு என்று பார்சல் லாரி ஓட்டியவன் நான். இப்போது சேலத்தில் ஒரு பார்சல் சர்வீஸில் டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று சீனியர் டிரைவர்களே சொல்கிறார்கள். நிஜமா?

நிஜமில்லை தம்பி. பழைய வண்டிகளில் ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். இப்போது வரும் காமன் ரெயில் எஞ்சினில் (டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிற எஞ்சின்) கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கிறது. மிச்சம் பிடிக்கப் போய் செலவு செய்கிறோம்.

சாவியையும் அணைத்துவிட்டு உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. எஞ்சின் அணைந்தால் காற்றை ஏற்றுகிற கம்ப்ரசர் நின்றுவிடும், டேங்கில் காற்று ஏறாது. பிரேக்கை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் டேங்கில் இருக்கிற காற்று குறைந்துகொண்டே போகும். ஸ்டீயரிங் கல்லாகிவிடும். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது, இரட்டைப் பாலத்துக்கு முன்பு எத்தனை லாரிகள் முன்னால் போன கார்கள் மீது ஏறியிருக்கின்றன என்பதை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். இதே மேட்டை லோடோடு எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போடுங்கள். கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். பிரேக் லைனர் கருகும் வாடை வந்தால், அது உரசுகிற சக்கர டிரம் சூடேறிவிட்டது என்று அர்த்தம். நடு இறக்கத்தில் அந்த வாடை வந்தால், பிரேக் பிடிக்கும்போதே பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி, டிரம் ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விடும்.

இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) கெடு முடிந்துவிடும் என்று ஆபீஸில் விரட்டுகிறார்கள். சென்னையிலிருந்து கோவைக்கு நிற்காமல் போகச் சொல்கிறார்கள்.

இந்த மிரட்டல் எல்லா ஊரிலும் நடக்கிறது. கணக்கைப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. முதல் நாள் என்பதே மறுநாள் நள்ளிரவு வரை. சென்னை–கோவை சுமார் 500 கிலோமீட்டர், ஆக மூன்று நாள் இருக்கிறது. நடுவில் ஆறு மணி நேரம் தூங்கினால் எந்த பில்லும் செத்துவிடாது. வண்டி ரிப்பேர் ஆகி நின்றாலும், கெடு முடியும் நேரத்துக்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளோ பிந்தைய 8 மணி நேரத்துக்குள்ளோ காரணம் காட்டி நீட்டிக்கலாம். லோடு வேறு வண்டிக்கு மாறினால் பில்லில் வண்டி நம்பரை மாற்றிப் போட வேண்டும். இரண்டும் ஆபீஸ்காரர்கள் கம்ப்யூட்டரில் செய்கிற வேலை. உங்கள் தூக்கத்தை வெட்டிச் சரிசெய்கிற வேலை இல்லை.

சார், என் வீட்டுக்காரர் காலையில் ஹைதராபாத்திலிருந்து வருகிறார். மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை, மதியமே அடுத்த டிரிப்புக்கு போன் வருகிறது. இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது அம்மா. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் குறைந்தது அரை மணி ஓய்வு, ஒரு நாள் டியூட்டி முடிந்து அடுத்தது தொடங்க இடையில் 9 மணி நேர இடைவெளி என்று எழுதியிருந்தார்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் 8 மணி நேரம்தான், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

டிரிப்புக்குப் படி என்று கணக்கு இருக்கும்வரை டிரைவரே ஓய்வை விற்றுவிடுவார், அதுதான் சிக்கல். அதனால் அவரிடம் சண்டை போடாதீர்கள். வண்டி வந்து சேர்ந்த நேரத்தை டிரிப் ஷீட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எழுத்தில் நேரம் இருந்தால் கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். எங்கள் ஆபீஸில் இந்த நேரம் எழுதாத ஷீட்டுக்கு அடுத்த டியூட்டி கிடையாது, நான் போட்ட விதி அது. முதலாளி முதலில் முகம் சுளித்தார். அப்புறம் இன்சூரன்ஸ் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

விடியற்காலையில் கண் சொக்குகிறது. டீ, பாட்டு, பாக்கு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பே தூக்கம் கேட்கிற நேரம். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் ஐந்து நிமிடம்தான் தாங்கும். கடந்து வந்த டோல்கேட் எது என்று நினைவில்லை, வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டிய பிறகு திருப்புகிறீர்கள் என்றால் ஏற்கெனவே தூங்கியாகிவிட்டது. டோல் தாண்டியோ பங்கிலோ நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு, உடனே இருபது நிமிடம் படுங்கள். காபி வேலை செய்ய அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். எழுந்ததும் சாவி போடாதீர்கள். இறங்கி டயரை ஒரு சுற்று பாருங்கள்.

சளி, அலர்ஜி மாத்திரை வாங்கும்போது தூக்கம் வருமா என்று மெடிக்கலில் கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

லோடு கூடுதலாக ஏற்றச் சொன்னால்?

பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, கூடுதல் சரக்கை அங்கேயே இறக்க வேண்டும். ஆனால் பார்சல் வண்டியில் எடையைவிட அடுக்குவதுதான் ஆபத்து. விழுப்புரத்தில் ஒரு பக்கத்துப் பெட்டிகளை இறக்கியிருப்பார்கள், மறுபக்கம் எண்ணெய் டின் அப்படியே இருக்கும். உளுந்தூர்பேட்டை வளைவில் வண்டி சாயும்போதுதான் தெரியும். ஒவ்வொரு டெலிவரிக்குப் பிறகும் கதவைத் திறந்து பாருங்கள். கனமானது கீழே, முன்பக்கம்.

ரோட்டில் வண்டி நின்றுவிட்டால் கிளை ஒடித்துப் போட்டால் போதாதா?

பகலில் சரி. இரவில் புங்கங்கிளை யார் கண்ணுக்குத் தெரியும்? ஹசார்டு லைட், பின்னால் தள்ளி முக்கோண ரிஃப்ளெக்டர், டயருக்குக் கட்டை. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள். டயருக்கோ அடையாளத்துக்கோ கல் வைத்திருந்தால் கிளம்பும்போது எடுத்துவிடுங்கள், பின்னால் பைக்கில் வருகிறவர் பாவம்.

வழியில் ஆள் ஏற்றினால் கைச்செலவுக்கு ஆகிறது.

சரக்கு வண்டி இன்சூரன்ஸ் அந்த ஆளுக்குப் பணம் தராது. கேஸ் உங்கள் தலையில். வேண்டாம்.

ஓட்டும்போது ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்காவிட்டால் திட்டு.

கிளீனர் இருந்தால் அவர் எடுக்கட்டும். இல்லையென்றால் டீக்கு நிறுத்தும்போது நானே கூப்பிடுகிறேன் என்று டியூட்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தானே ஜி.பி.எஸ். மாட்டியிருக்கிறார்கள்.

புது வண்டிகளில் ஏ.சி. கட்டாயமாமே?

ஆமாம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபின் ஏ.சி.யோடுதான் வர வேண்டும். பழைய வண்டிக்குப் பொருந்தாது. அதில் ஓட்டுகிறவர்கள் மே மாத மதியத்தில் தண்ணீர் கேனைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், ஆனால் பெடல் பக்கம் உருண்டு வராதபடி கட்டி வையுங்கள்.