62 என்று எழுதியிருந்தால் போதுமா? கடினப்பூச்சு வெல்டிங்: கேள்வி-பதில்

தேயும் இரும்புப் பாகத்தின் மேல் கடினமான உலோகத்தை வெல்டிங்கால் பூச ராடு (வெல்டிங் குச்சி) தேடுகிறோம். கடையில் 58 ராக்வெல் ராடும் இருக்கிறது, 62 ராக்வெல் ராடும் இருக்கிறது. செங்கல் சூளையில் மண் பிசையும் திருகுக்கு 62 வாங்கிவிடலாமா?

அட்டைப்பெட்டியில் உள்ள ராக்வெல் எண்ணை, அதாவது பூச்சின் கடின அளவை, மட்டும் நம்பி வாங்காதீர்கள். மண்ணோடு வரும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். விக்கர்ஸ் என்ற இன்னொரு அளவில் அதன் கடினம் ஏறக்குறைய 1000 முதல் 1100. நன்றாகக் கடினப்படுத்திய எஃகுகூட 800-ஐச் சுற்றித்தான் நிற்கும்; மணல் அதைக் கீறிவிடும். சில ராடுகளின் பூச்சில் உருவாகும் குரோமியம் கார்பைடு (குரோமியமும் கார்பனும் சேர்ந்த கடினப் பொருள்) 1500 அளவில் இருப்பதால் மணலின் பாச்சா அதனிடம் பலிப்பதில்லை.

ராக்வெல் கருவியின் முனை கார்பைடையும், அதைப் பிடித்திருக்கும் உலோகத்தையும் சேர்த்தே அழுத்துகிறது. அதனால் கார்பைடே இல்லாத பூச்சும் கார்பைடு நிறைந்த பூச்சும் ஒரே 60-ஐக் காட்டலாம். மணலில் ஓட்டினால்தான் வித்தியாசம் தெரியும். இதற்கென்றே உலர்மணலும் ரப்பர் சக்கரமும் கொண்ட சோதனை ஒன்று உண்டு. விற்பவரிடம் அந்தச் சோதனையில் எவ்வளவு தேய்ந்தது என்று கேளுங்கள். குறைந்தபட்சம் கார்பன், குரோமியம் எத்தனை சதவீதம் என்றாவது கேளுங்கள். கார்பன் 4-5, குரோமியம் 25-30 என்றால் உங்கள் திருகுக்குப் பொருந்தும்.

இன்னொன்று: கையால் ராடு போடும்போது முதல் அடுக்கில் அடி இரும்பு 20 முதல் 40 சதவீதம்வரை உருகிக் கலந்துவிடும். பெட்டியில் சொன்ன குணம் இரண்டாவது அடுக்கில்தான் வரும். ஒரே அடுக்கு போட்டுவிட்டு ராடைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பூச்சு ஆறும்போதே டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது. குறுக்கே வரிசையாக விரிசல். வெல்டர் "அப்படித்தான் வரும்" என்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை, உங்கள் வெல்டர் சொல்வது சரி. குரோமியம் கார்பைடுப் பூச்சு வளைந்து கொடுக்காது. ஆறும்போது சுருங்கியாக வேண்டும். அந்த இழுவிசை ஓரிரு சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை விரிசலாக வெளியேறுகிறது. வெல்டிங் கோட்டுக்குக் குறுக்கே ஓடி, அடி உலோகத்தின் எல்லையில் நின்றுவிட்டால் கவலையில்லை.

கோட்டின் நீளவாக்கில் ஓடினாலோ, பூச்சு சில்லு சில்லாகப் பெயர்ந்தாலோதான் கோளாறு. பெரும்பாலும் காரணம் பேராசை: மூன்று, நான்கு அடுக்கு ஏற்றுவது. குழி ஆழமாக இருந்தால் முதலில் சாதாரண உறுதியான ராடால் உயரத்தை நிரப்பிவிட்டு, மேலே இரண்டு அடுக்கு மட்டும் கார்பைடு போடுங்கள்.

டங்ஸ்டன் கார்பைடுத் துகள் நிரப்பிய குழாய் ராடு போட்டோம். ஆம்பியரைக் கூட்டியதும் பூச்சு வழவழவென்று அழகாக வந்தது. ஆனால் சீக்கிரமே தேய்ந்துவிட்டது. ஏன்?

அந்த அழகுதான் வினை. குரோமியம் கார்பைடு, பூச்சு உறையும்போது தானாக உருவாவது. டங்ஸ்டன் கார்பைடோ வெளியிலிருந்து போடும் துகள். அது துகளாகவே மிஞ்சினால்தான் போட்ட பணத்துக்குப் பயன். ஆம்பியர் கூடினால் உருகிய இரும்பு அதைக் கரைத்துவிடும். கரைந்தது மீண்டும் உறையும்போது எளிதில் நொறுங்கும் வேறு கார்பைடுகளாக மாறிவிடுகிறது. கரையாமல் தப்பிய துகளும் மேலே நிற்காது. எஃகின் அடர்த்தி 7.8, டங்ஸ்டன் கார்பைடுக்கோ 15.6. உருகிய உலோகம் நெடுநேரம் திரவமாக இருந்தால் துகள் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஓரத்தில் ஒரு துண்டை அறுத்து, மெருகேற்றி, உருப்பெருக்கியில் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை சாம்பல்நிறத் துகள்கள் கூர்முனை மழுங்காமல் பரவியிருக்க வேண்டும். உங்களுடையதில் மேல்பாதி வெறுமையாகத்தான் இருக்கும். ஆம்பியரைக் குறையுங்கள், சொரசொரப்பாக வந்தால் வரட்டும். வசதி இருந்தால் நிக்கல் கலவைத் தூளோடு பிளாஸ்மா (மிகச் சூடான வாயு வில்) வெல்டிங் முறையில் போடக் கொடுங்கள். அதில் அடி உலோகக் கலப்பு 5-10 சதவீதத்தில் அடங்கிவிடும். நிக்கலும் இரும்பை விடக் குறைந்த சூட்டிலேயே உருகுவதால் துகள் பிழைத்துக்கொள்ளும்.

கல் உடைக்கும் கிரஷரின் தாடைத் தகட்டை வெல்டிங்குக்கு முன் நன்றாகச் சூடாக்க வேண்டுமா?

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது மாங்கனீசு எஃகு. பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பிரிட்டிஷ் உலோகவியலாளர் ராபர்ட் ஹேட்ஃபீல்டு 1882-இல் உருவாக்கிய இந்த எஃகு அடி வாங்க வாங்க இறுகும். சூடு பட்டால் கெடும். வெப்பநிலை 260 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் உள்ளே கார்பைடு பிரிந்து, தகடு ஓடுபோல் உடையும். முன்சூடு வேண்டவே வேண்டாம். சின்னச் சின்னக் கோடுகளாக, இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். அடிக்கடி சூடு காட்டும் சாக்குக்கட்டியால் சோதியுங்கள். காந்தம் ஒட்டினால் இந்தப் பேச்செல்லாம் செல்லாது. அது வேறு எஃகு. பெரும்பாலும் முன்சூடு கேட்கும்.

முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வெல்டிங் செய்கிறோம். போதாதா?

போதாது. இந்த ராடுகளின் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) வருகிறது. அது புற்றுநோய் உண்டாக்குவது. எல்லா வெல்டிங் புகையையுமே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் உறுதியான புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது. கைக்குட்டை நெசவின் வழியே இந்தப் புகை தாராளமாகப் போகும். புகை எழும் இடத்திலேயே அதை இழுக்கும் உறிஞ்சுகுழாயும், வடிகட்டி பொருத்திய முகக்கவசமும் வாங்குங்கள். ராடு வாங்கும் காசில் இது பெரிய தொகை அல்ல.

போர்வெல் பிட்டில் பட்டன் கழன்றுவிட்டது. வெல்டிங் வைத்து ஒட்டலாமா?

கூடாது. அந்தப் பட்டன், அதாவது பாறையை உடைக்கும் டங்ஸ்டன் கார்பைடுக் குமிழ், அழுத்திச் செருகப்பட்டது. வெல்டிங் சூட்டில் பட்டனும் வெடிக்கும், பிட்டின் கடினமும் போகும்.

பூச்சு போட்ட தகட்டில் போல்ட் துளை வேண்டும். டிரில் இறங்கவில்லை, கேஸ் கட்டரும் வெட்டவில்லை.

குரோமியம் இவ்வளவு இருந்தால் கேஸ் கட்டர் வெட்டாது. பிளாஸ்மா கட்டரில், பூச்சில்லாத பக்கத்திலிருந்து வெட்டுங்கள். அடுத்த தகட்டில் துளையைப் போட்டுவிட்டுப் பூச்சுக்குப் போங்கள்.