பிக்ஸாரை உருவாக்கியது யார்?

கேள்வி: 50 லட்சம் டாலருக்கு வாங்கிய பிக்ஸாரை 740 கோடி டாலருக்கு டிஸ்னியிடம் விற்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். அனிமேஷனின் எதிர்காலத்தை 1986-லேயே கண்டுகொண்ட அந்தத் தொலைநோக்கு நம் தொழிலதிபர்களுக்கு ஏன் இல்லை?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கணக்கு சரி. தொலைநோக்கு என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1986 பிப்ரவரியில் ஜாப்ஸ் வாங்கியது படக் கம்பெனியை அல்ல, கம்ப்யூட்டர் கம்பெனியை. பிக்ஸார் என்பதே முதலில் ஒரு இயந்திரத்தின் பெயர். விலை 1,35,000 டாலர். ஆஸ்பத்திரி ஸ்கேன்களையும் செயற்கைக்கோள் படங்களையும் அலசுவதற்கென்று விற்றார்கள், முந்நூறுகூடப் போகவில்லை. அங்கே வேலை பார்த்த அனிமேஷன் கலைஞர் ஜான் லாசட்டரின் குறும்படங்கள் இந்தச் சரக்கு என்னவெல்லாம் செய்யும் என்று வாங்க வருபவர்களுக்குக் காட்டத்தான் பயன்பட்டன.

கனவு கண்டவர்கள் வேறு. எட் கேட்மல் 1972-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவர். தன் இடது கையை அச்சு வார்த்து, அதன்மேல் கோடு போட்டு அளந்து, கம்ப்யூட்டர் திரையில் விரல்களை மடக்கிக் காட்டினார். முழுநீளப் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரிலேயே எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நியூயார்க்கில் ஒரு கல்லூரி நிறுவனர் சம்பளம் கொடுத்து வைத்திருந்தபோது ஆல்வி ரே ஸ்மித் கூட்டுச் சேர்ந்தார். 1979-ல் கேட்மலை ஸ்டார் வார்ஸ் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தன் படக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அழைத்துக்கொண்டார். பழைய கூட்டாளிகளும் பின்னாலேயே வந்தார்கள். விவாகரத்துக்குப் பிறகு லூகாஸுக்குப் பண நெருக்கடி வந்தது. பிக்ஸார் என்று ஜாப்ஸ் வாங்கிய அந்தப் பிரிவு விலைக்கு வந்தது அப்போதுதான்.

ஜாப்ஸின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. வருடா வருடம் நஷ்டம் வந்தபோதும் சொந்தப் பணம் சுமார் 5 கோடி டாலரைக் கொட்டினார். அதை எத்தனை பேர் செய்வார்கள்? ஆனால் கம்ப்யூட்டர் செய்து விற்கும் பிரிவை 1990-ல் கைகழுவ வேண்டியதாயிற்று. ஆரஞ்சு ஜூஸுக்கும் வாய் கொப்பளிக்கும் மருந்துக்கும் விளம்பரப் படம் எடுத்துக் காலம் தள்ளினார்கள். 1991-ல் படம் எடுக்க டிஸ்னியோடு ஒப்பந்தம் ஆன பிறகும், 1994-ல்கூட ஜாப்ஸ் கம்பெனியை விற்க ஆள் தேடினார். எதிர்காலத்தைக் கண்டுகொண்டவர் செய்கிற காரியமா அது?

1995 நவம்பர் 22-ல், முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே எடுத்த முதல் முழுநீளப் படமான டாய் ஸ்டோரி வந்தது. ஒரே வாரத்தில் பங்கு வெளியீடு. காலையில் 22 டாலர், மாலையில் 39. ஏறக்குறைய எண்பது சதவீதப் பங்கு ஜாப்ஸிடம் இருந்ததால் அன்றைக்கே அவர் நூறு கோடி டாலருக்கு அதிபதி. ஸ்மித்தோ ஜாப்ஸோடு மோதி 1991-லேயே வெளியே போய்விட்டிருந்தார்.

ஆகவே நம் தொழிலதிபர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது தொலைநோக்கை அல்ல. வருமானமே காட்டாத நாலு கிறுக்கர்களை இருபது வருடம் சம்பளம் கொடுத்து வைத்திருப்பீர்களா என்று கேளுங்கள். அங்கே ஒரு கல்லூரி நிறுவனர், ஒரு இயக்குநர், ஒரு கம்ப்யூட்டர்காரர் என்று மூன்று பேர் மாற்றி மாற்றி அதைச் செய்தார்கள்.

அப்படி வளர்ந்த ஸ்டூடியோ தன் ஆட்களை எப்படி நடத்தியது என்பதையும் பாருங்கள். போட்டி ஸ்டூடியோக்களோடு பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் ஆளை இன்னொருவர் இழுக்காமல் சம்பளத்தை அமுக்கியதாக அனிமேஷன் கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2017-ல் டிஸ்னியும் பிக்ஸாரும் லூகாஸ்ஃபிலிமும் 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு அதை முடித்தன.

1998-ல் டாய் ஸ்டோரி 2 வேலையில் யாரோ தவறான கட்டளை கொடுக்க, படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. எடுத்துவைத்த நகலும் வேலை செய்யவில்லை. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் படத்தின் நகலை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். 2023-ல் பிக்ஸார் 75 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அதில் சஸ்மனும் ஒருவர்.