பிராசசர் மாற்றியதும் கணினியில் டிஸ்ப்ளே வரவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். புதிய போர்டு வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம், இப்போதைக்குக் கட்டாயம் வேண்டாம். பி450 போர்டில் இருந்த ரைசன் 3 3200ஜி பிராசசரைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றைப் போட்டதாகவும், விசிறி சுற்றினாலும் திரை கறுப்பாகவே இருப்பதாகவும், கடையில் பார்த்தவர் போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புதிய பிராசசரின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. அந்த இடத்திலிருந்து மேலே போக நினைக்கும் பலரும் வாங்குவது ரைசன் 5 5600 என்பதால், அதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒருவேளை அது 5600ஜி என்றால் நான் சொல்லப்போவதில் ஒரு பகுதி உங்களுக்குப் பொருந்தாது. மற்றவை அப்படியே பொருந்தும்.

நான் ஹார்டுவேர் படித்தவன் அல்ல. திண்டுக்கல்லில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் சிறிய ஸ்டுடியோ ஒன்று எங்களுடையது. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட அதே வாக்கியம், அதே வகைப் போர்டைப் பற்றி, எங்களுக்கும் சொல்லப்பட்டது. அந்தப் போர்டில்தான் இன்றும் ஆல்பங்கள் தயாராகின்றன என்பதால் இதற்குப் பதில் எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

முகூர்த்த மாதம் தொடங்குவதற்குள் வேகமான கணினி வேண்டுமென்று என் தம்பி 5600 பிராசசர், இரண்டு ராம், போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி வட்டு ஒன்று ஆகியவற்றை வாங்கி, வாங்கிய கடையிலேயே மாட்டச் சொல்லியிருக்கிறான். மாட்டினார்கள், டிஸ்ப்ளே வரவில்லை. ராமைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து, மறுபடி மாட்டியிருக்கிறார்கள், அப்போதும் வரவில்லை. மாலையில் தம்பி தொலைபேசியில், "அண்ணே, போர்டு போச்சாம். புதுசு போட்டாத்தான் ஆகுமாம்" என்றான். காலையில் அதே கணினியில் நூற்றுக்கணக்கான படங்களைத் திறந்து வேலை செய்திருந்தோம். காலையில் ஓடிய போர்டு மாலையில் செத்துவிட்டது என்றால் இடையில் யாராவது அதைக் கொன்றிருக்க வேண்டும். அப்படிச் செய்ததாகக் கடையில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே கழற்றிய பழைய பிராசசரையும் பழைய ராமையும் கையோடு வாங்கிக்கொண்டு வரும்படி அவனிடம் சொன்னேன். உங்களுக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: பழைய பாகங்களை எக்காரணம் கொண்டும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். போர்டு நன்றாக இருக்கிறதா என்பதற்கு அவற்றைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

வீட்டில் செய்த முதல் வேலை, பழைய பிராசசரையும் பழைய ராமையும் இருந்த இடத்திலேயே திரும்பப் பொருத்தியதுதான். பி450 போர்டில் பிராசசர் உட்காரும் ஏஎம்4 வகையில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், 1331 பின்கள். பிராசசரைக் குளிர்விக்கும் ஹீட்சிங்கை அவசரமாகத் தூக்கினால், இடையிலுள்ள பேஸ்ட் இறுகி ஒட்டியிருப்பதால் பூட்டைத் திறப்பதற்கு முன்பே பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பேஸ்ட் சூட்டில் இளகும் என்பதால், ஓடுகிற நிலையில் இருக்கும் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்திய பிறகு, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகித் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு வரிசையாகப் பாருங்கள். வளைந்த பின் இருந்தால் அதன் நிழல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் விலகி விழும். கடையில் மாற்றியபோது இரண்டு பிராசசர்களில் ஒன்றிலும் பின் வளைந்திருக்கவில்லை. அதற்காக அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்லவே வேண்டும்.

பழையவற்றைப் போட்டதும் டிஸ்ப்ளே வந்துவிட்டது. போர்டு போய்விட்டது என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. உங்களிடமும் இதே சோதனையைச் செய்து திரை வந்துவிட்டால், அதற்குமேல் யார் என்ன சொன்னாலும் போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் புதிய பிராசசர் பழுதா என்றால், அதுவும் இல்லை. பி450 போர்டுகள் 2018இல் வந்தவை. 5600 வந்தது 2022 ஏப்ரலில். கணினியைத் தொடங்கிவைக்க போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற மென்பொருள் 2019இல் எழுதப்பட்டதாக இருந்தால், மூன்று ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிராசசரை அது எப்படி அடையாளம் காணும்? பயாஸுக்குள் நுழைந்தால் முதல் பக்கத்திலேயே அதன் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். போர்டு நிறுவனத்தின் தளத்தில், உங்கள் போர்டின் பக்கத்தில், எந்தப் பிராசசருக்கு எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு உண்டு என்ற பட்டியல் இருக்கும். எங்கள் போர்டில் இருந்தது 5600க்குத் தேவையானதைவிட மிகப் பழைய பதிப்பு. இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 5000 வரிசைப் பிராசசர்கள் பி450இல் ஓடாது என்று 2020 மே மாதத்தில் ரைசனை உருவாக்கும் ஏஎம்டி நிறுவனமே அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. பல போர்டுகளில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 மெகாபைட்தான், அதில் எல்லாத் தலைமுறைகளுக்கும் இடம் போதாது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அந்த முதல் அறிவிப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பயாஸ் கோப்பைப் பதிவிறக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸுக்குள் இருக்கும் புதுப்பிக்கும் வசதி வழியாக ஏற்றினோம். சில போர்டுகளில் இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் ஏற்றச் சொல்லியிருப்பார்கள். அந்தக் குறிப்பைப் படிக்காமல் கடைசிப் பதிப்புக்குத் தாவ வேண்டாம். ஏற்றும்போது மின்சாரம் போனால் போர்டு உண்மையாகவே போய்விடக்கூடும் என்பதால், யுபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை நாளாக இல்லாத நாளில் செய்யுங்கள். பழைய பிராசசர் கைவசம் இல்லை என்றால், பிராசசரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து நேராகப் பயாஸை எழுதும் பொத்தான் சில போர்டுகளின் பின்புறம் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

பயாஸ் ஏறியது, 5600ஐப் போட்டோம், மறுபடியும் கறுப்புத் திரை. தம்பி என்னைப் பார்த்த பார்வையில் கடைக்காரர் சொன்னதே சரி என்ற நினைப்பு தெரிந்தது. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. விசைப்பலகையில் நம் லாக் (Num Lock) விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்தது, மறுபடி அழுத்தினால் அணைந்தது. கடையிலிருந்து வந்தபோது அது அசையவே இல்லை. விளக்கு மாறுகிறது என்றால், பிராசசரும் ராமும் தங்கள் சோதனையைத் தாண்டிவிட்டன, கணினி உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, படத்தை வெளியே அனுப்பத்தான் வழியில்லை என்று பொருள். காரணம் எளியது. 3200ஜிக்குள் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் பகுதி உண்டு, 5600க்குள் கிடையாது. பெயரில் எண்ணுக்குப் பின் ஜி இல்லாத 5000 வரிசை ரைசன்களில் போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளை எத்தனை முறை செருகினாலும் படம் வராது. ஒரே கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கியதால்தான் கடையில் எதைச் செய்தும் திறக்கவில்லை. பக்கத்துக் கடை நண்பரிடமிருந்து ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, கேபிளைக் கார்டில் செருகியதும் திரையில் எழுத்துகள் வந்தன.

வந்த எழுத்துகளும் மிரட்டுவதாகத்தான் இருந்தன. புதிய பிராசசர் பொருத்தப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம்மை (பிராசசருக்குள் இருக்கும் பாதுகாப்புச் சாவிப் பெட்டகம்) அழித்துப் புதிதாக்க ஒய் (Y) அழுத்தவும், வேண்டாமென்றால் என் (N) அழுத்தவும் என்று அதில் இருந்தது. இது பழுது அல்ல. ஆனால் உங்கள் வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே ஒய் அழுத்த வேண்டும்; விண்டோஸ் 11 உள்ள கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் அந்தப் பூட்டு போடப்பட்டிருப்பது உண்டு. எங்கள் வட்டில் பூட்டு இல்லாததால் தயங்காமல் ஒய் அழுத்தினேன்.

அதன் பிறகும் விண்டோஸ் வராமல் நேராகப் பயாஸ் திரையே திரும்பத் திரும்ப வந்தது. புதிய பயாஸ் பழைய அமைப்புகளையெல்லாம் அழித்துவிட்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையை மட்டும் வைத்துக்கொண்டது. எங்கள் வட்டோ பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டது. பழைய முறை வட்டுகளையும் தொடங்கவிடும் சிஎஸ்எம் என்னும் அமைப்பை இயக்கியதும் விண்டோஸ் வந்தது. அதை நிரந்தரமாக யூஇஎஃப்ஐக்கு மாற்ற, விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து உடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி போதும். படங்களை வேறு வட்டில் நகலெடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, எம்.2 துளையில் எஸ்எஸ்டி மாட்டினால் சில போர்டுகளில் வட்டுகளின் கேபிளைச் செருகும் சாட்டா துளைகளில் இரண்டு வேலை செய்யாமல் போகும். வட்டு காணவில்லை என்றால் வட்டைச் சந்தேகிக்கும் முன் கேபிளை வேறு துளையில் மாற்றிப் பாருங்கள்.

பழைய பயாஸ், கிராபிக்ஸ் இல்லாத பிராசசர் ஆகிய இரண்டு காரணங்களும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால், மாட்டியதில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கும். பிராசசருக்கு அருகிலுள்ள எட்டுப் பின் மின்கேபிள் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டாலும் விசிறிகள் அழகாகச் சுற்றும். கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டுப் பின் கேபிள் பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும் மின்னோட்டத்தின் வரிசை நேர்மாறானது; நுழையவில்லை என்றால் அழுத்தி நுழைக்க வேண்டாம். இரண்டு ராம்கள் என்றால், நான்கு துளையுள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டிலுள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போடுவதும் தவறான அமைப்புகளை அழிக்கும்.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தாங்காது என்று உங்களிடமும் சொல்வார்கள். கடைக்காரர் எங்களுக்கு இரண்டாவதாகச் சொன்ன காரணம் அதுதான். 3200ஜிக்கும் 65 வாட், 5600க்கும் 65 வாட் என்று குறிக்கப்பட்டிருக்கும்போது, நேற்று வரை தாங்கியது இன்று ஏன் தாங்காது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டால் அது வேறு கணக்கு. ஜிடி 710 போன்றது 19 வாட்தான்.

போர்டுகள் போகவே போகாதா என்று துறையில் இருப்பவர்கள் கேட்கலாம். போகும். கெபாசிட்டர் வீங்கிப் போகும், எர்த் இல்லாத வீட்டில் போகும், கேபினெட்டில் தேவையில்லாத இடத்தில் போர்டைத் தாங்கும் ஸ்டாண்ட்ஆஃப் திருகு ஒன்று இருந்து அடியில் ஷார்ட் ஆகியும் போகும். பழைய பிராசசரைத் திரும்பப் போட்டும், ஒரே ராம் வைத்தும், கேபினெட்டுக்கு வெளியே அட்டையின்மேல் வைத்தும் ஓடவில்லை என்றால் நானும் போர்டைத்தான் சந்தேகிப்பேன். பழைய பிராசசரைப் போட்டுப் பார்க்கவே மாட்டேன், ஆனால் போர்டு போய்விட்டது என்பேன் என்கிறவரைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் எழுதியதாக யாரும் கருத்துப் பகுதியில் சண்டைக்கு வர வேண்டாம். பயாஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு விற்கும் கடைகளும் உண்டு.

நாங்கள் வாங்கிய கடையில் 5600ஐக் கொடுத்துவிட்டு 5600ஜி கேட்டோம். பெட்டி பிரித்தாகிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். விற்கும்போது கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றதற்கும் பதில் இல்லை. பில்லில் கம்ப்யூட்டர் பொருள்கள் என்று ஒரே வரி, கீழே மொத்தத் தொகை. எந்தப் பொருளுக்கும் சீரியல் எண் எழுதப்படவில்லை. நாளை ராம் உண்மையாகவே பழுதானால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த உத்தரவாதத்தைக் கேட்பது? ஆகவே நீங்கள் புதிய பிராசசரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்களோ இல்லையோ, பெட்டியிலுள்ள சீரியல் எண்ணைப் பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

புதிய பிராசசரின் முழுப் பெயர், போர்டின்மேல் அச்சிட்டிருக்கும் மாடல் எண், பயாஸ் பதிப்பு, நம் லாக் விளக்கு மாறுகிறதா இல்லையா, இந்த நான்கையும் கீழே எழுதுங்கள். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்ற பெயர்களில் சிறு விளக்குகள் இருந்தால் எது அணையாமல் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம்.